ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு: தோமஸ் குக் முறிந்த கதையும் எங்கள் பயணக் காசும்



எமது வானொலியில் வருமானவரி பற்றி நான் பேசிய ஒரு நாள், நிகழ்ச்சி முடிந்த பிறகு கலையகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. "அண்ணை, இது ரக்ஸ் விசயம் இல்லை, வேறை ஒண்டு கேக்கலாமோ?" என்று அந்தச் சகோதரர் தயங்கினார். "கேளுங்கோ தம்பி" என்றேன்.

டிசம்பர் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போவதற்காக, அவரும் மனைவியும் மூன்று பிள்ளைகளுமாக ஐந்து பேருக்கு, ஏப்ரல் மாதமே ஒரு பயண முகவரிடம் 9,500 டொலரைக் காசாகக் கொடுத்திருக்கிறார். காசாகத் தந்தால் 200 டொலர் குறைப்பதாக முகவர் சொன்னாராம். நவம்பரில் போய்ப் பார்த்தபோது கடை பூட்டிக் கிடந்தது. சகோதரரின் கையில் இருந்தது ஆறு எழுத்து முன்பதிவுக் குறியீடு அச்சடித்த ஒரு தாள் மட்டுமே. விமான நிறுவனத்தைக் கேட்டபோது, அந்தக் குறியீட்டில் ஐந்து இடங்கள் பிடித்து வைத்தது உண்மைதான், ஆனால் பணம் வந்து சேராததால் சீட்டு வழங்கப்படவில்லை, இடங்களும் தாமாகவே இரத்தாகிவிட்டன என்று பதில் வந்தது.

"அம்மாவைப் பாத்துப் பதினொரு வருசம் அண்ணை" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "நான் குடுத்த காசு இப்ப எங்கை?"

கணக்கியல் படித்த எனக்கு அதற்குப் பதில் தெரியும். ஆனால் அதை அவருக்குத் தொலைபேசியில் விளங்கப்படுத்துவது இலகுவாக இருக்கவில்லை. அந்தப் பதிலைத்தான் இந்த மாதம் எழுதுகிறேன். ஒரு சிறிய முகவரின் கதையை வைத்து எழுதினால், "அது ஏமாற்றுக்காரர்களின் கதை, பெரிய நிறுவனத்திடம் போனால் பயமில்லை" என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆகவே உலகத்தின் மிகப் பழைய, மிகப் பெயர்பெற்ற பயண நிறுவனம் ஒன்றின் கதையையே எடுத்துக்கொள்கிறேன். அது 178 வருடங்கள் நடந்து, ஒரே இரவில் முறிந்த தோமஸ் குக் நிறுவனம்.

மெல்பேர்ணில் பிறந்தவர்

இந்த நிறுவனத்தைத் தொடங்கிய தோமஸ் குக் 1808ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் திகதி மெல்பேர்ணில் பிறந்தவர். எங்கள் மெல்பேர்ண் அல்ல. இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள மெல்பேர்ண் என்ற சிற்றூர். அந்த ஊரின் பெயரைத் தமது பட்டமாகக் கொண்டிருந்த பிரபுதான் பிரித்தானியப் பிரதமரான மெல்பேர்ண் பிரபு. அவருடைய பெயரைத்தான் 1837இல் ஆளுநர் பேர்க் எங்கள் நகரத்துக்கு வைத்தார். ஆக, இரண்டு மெல்பேர்ணுக்கும் ஒரே மூலம்.

குக் ஒரு தச்சுத் தொழிலாளி, கிறிஸ்தவ மதபோதகர், மதுவிலக்குப் பிரசாரகர். 1841ஆம் ஆண்டு யூலை 5ஆம் திகதி, மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்குப் போவதற்காக லெஸ்ரர் நகரிலிருந்து லஃப்பரோ நகருக்குச் சுமார் 500 பேரை ரயிலில் அழைத்துப் போனார். ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். ரயில் கம்பனியுடன் மொத்தமாகப் பேசி விலையைக் குறைத்து, தனித்தனி ஆட்களுக்குச் சில்லறையாகக் கொடுப்பது என்ற வியாபார முறை அந்த ஒரு ஷில்லிங்கில் தொடங்கியது. இன்றைக்கு "பக்கேஜ் ரூர்" என்று நாங்கள் சொல்வதன் அடிப்படையும் அதுதான்.

1851இல் லண்டனில் நடந்த பெரும் கண்காட்சிக்கு ஒன்றரை இலட்சம் பேரளவில் கூட்டிச் சென்றார். 1872இல் ஒரு குழுவுடன் உலகத்தைச் சுற்றப் புறப்பட்டு, அமெரிக்கா, ஜப்பான், சீனா, சிங்கப்பூர், இலங்கை, இந்தியா வழியாக 222 நாட்களில் அந்தப் பயணத்தை முடித்தார். 1874இல் இவரது நிறுவனம் வெளியிட்ட சுற்றுப் பணத்தாள்தான் பின்னாளில் பயணிகள் காசோலை என்று நாம் அறிந்ததன் முன்னோடி. அதாவது முன்கூட்டியே காசைக் கட்டி, ஒரு துண்டுக் காகிதத்தை நம்பிப் புறப்படும் பழக்கத்தை உலகத்துக்குப் பழக்கியவர்களில் ஒருவர் இவர்.

இந்த நிறுவனம் பல கைகள் மாறியது. 1928இல் குடும்பத்தார் அதை விற்றார்கள். 1948இல் பிரித்தானிய அரசு தேசியமயமாக்கியது. 1972இல் மீண்டும் தனியார் கைக்குப் போனது. 2001இல் ஜேர்மனியர் வாங்கினர். 2007இல் மைட்ரவல் என்ற இன்னொரு பெரிய பிரித்தானியப் பயண நிறுவனத்துடன் இணைந்தது. முறிந்தபோது 16 நாடுகளில் 21,000 பேர் வேலை செய்தார்கள். சொந்த விமானங்கள், சொந்த விடுதிகள், நூற்றுக்கணக்கான கடைகள் எல்லாம் இருந்தன.

ஐந்தொகையில் உங்கள் காசு எந்தப் பக்கம்?

இனி சகோதரரின் கேள்விக்கு வருவோம்.

டிசம்பர் பயணத்துக்காக மார்ச் மாதம் ஒரு பயண நிறுவனத்திடம் 8,000 டொலர் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் ஐந்தொகையில் இது இரண்டு இடத்தில் பதியப்படும். சொத்துப் பக்கத்தில் வங்கிமீதி 8,000 டொலரால் கூடும். பொறுப்புப் பக்கத்தில் "வாடிக்கையாளரிடம் பெற்ற முற்பணம்" என்று 8,000 டொலர் எழுதப்படும். நீங்கள் பயணம் செய்யும்வரை அது நிறுவனத்தின் வருமானம் அல்ல. அது உங்களுக்குத் தரவேண்டிய கடன். அதாவது நீங்கள் அந்த நிறுவனத்துக்கு வட்டியில்லாமல் ஒன்பது மாதக் கடன் கொடுத்திருக்கிறீர்கள். பிணை கேட்கவில்லை. அது கடன் என்றே உங்களுக்குத் தெரியாது.

பொறுப்பு என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறதே, அப்படியென்றால் காசு பத்திரமாக இருக்குமே என்று கேட்பீர்கள். அப்படியல்ல. வங்கிக்குப் போன காசு அங்கே உங்கள் பெயர் எழுதிய உறையில் கிடப்பதில்லை. அது நிறுவனத்தின் மற்றக் காசுடன் கலந்துவிடுகிறது. அதிலிருந்து கடை வாடகை, ஊழியர் சம்பளம், விமான எரிபொருள், வங்கி வட்டி, போன வருடப் பயணிகள் தங்கிய விடுதிகளின் பாக்கி எல்லாம் கொடுபடுகின்றன.

எங்கள் சனத்துக்குச் சீட்டுப் பிடிப்பது புதிதல்ல. நீங்கள் மாதம் மாதம் கட்டும் காசு சீட்டுப் பிடிக்கும் அக்காவின் அலுமாரிக்குள் சேர்ந்துகொண்டு போவதில்லை. அந்தந்த மாதம் சீட்டு எடுத்தவரிடம் அது போய்விடுகிறது. எல்லோரும் ஒழுங்காகக் கட்டும்வரை சீட்டு ஓடும். நாலு பேர் நிற்பாட்டினால், கடைசியாக எடுக்க இருந்தவரின் பாடு திண்டாட்டம். பயண வியாபாரத்தின் காசோட்டமும் ஏறக்குறைய இப்படித்தான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சீட்டில் உங்களோடு வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பயண நிறுவனத்தில் அது தெரியாது.

ஐரோப்பாவில் சனம் கோடை விடுமுறைக்காக மாதக்கணக்கில் முன்பே பணம் கட்டும். அந்த விடுதிக்காரருக்கோ பயணி தங்கிப்போய் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் நிறுவனம் காசு கொடுக்கும். முன்னுக்கு வாங்கிப் பின்னுக்குக் கொடுப்பதால், கோடையில் கை நிறையக் காசு இருக்கும். குளிர்காலத்தில் பாக்கிகளைக் கொடுத்து முடிக்கக் கை வெறுமையாகும்.

இதற்குத் தோமஸ் குக்கின் சொந்தக் கணக்கே சாட்சி. அதன் நிதியாண்டு செப்ரெம்பர் 30இல் முடியும். காசு கையில் நிறைந்திருக்கும் காலம் அது. 2018 செப்ரெம்பர் 30இல் அதன் தேறிய கடன் 389 மில்லியன் பவுண். ஆறே மாதம் கழித்து, 2019 மார்ச் 31இல், அதே நிறுவனத்தின் தேறிய கடன் ஏறத்தாழ 1,247 மில்லியன் பவுண். ஆண்டிறுதி அறிக்கையை மட்டும் படித்தவர் ஒரு நிறுவனத்தைக் கண்டார். மார்ச்சில் பார்த்தவர் வேறொரு நிறுவனத்தைக் கண்டார். ஐந்தொகை என்பது ஒரு நாளில் எடுத்த புகைப்படம். அந்த நாள் எந்த நாள் என்று பார்க்காமல் படத்தை நம்பக்கூடாது.

எப்படி முறிந்தது?

சனம் எல்லாம் இன்ரநெற்றில் தாமே விமானமும் விடுதியும் பிடிக்கத் தொடங்கியதால்தான் தோமஸ் குக் முறிந்தது என்று பலர் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. மலிவு விமான சேவைகளும், பிரெக்சிற் குழப்பத்தில் பவுணின் பெறுமதி விழுந்ததும், 2018 கோடையில் ஐரோப்பாவே வெயிலில் காய்ந்ததால் வெளியே போகச் சனம் விரும்பாததும் காரணங்களே. ஆனால் இதே காலத்தில் வேறு பயண நிறுவனங்கள் நின்றுபிடித்தன. தோமஸ் குக்குக்கு நின்றுபிடிக்க இடம் இல்லாமற் செய்தது பழைய கடன்.

அந்தக் கடனில் பெரும்பகுதி மற்றக் கம்பனிகளை வாங்கியும் இணைத்தும் பெருக்கப் போனதால் வந்தது. 2007இல் மைட்ரவலுடன் இணைந்தபோது, அந்தக் கம்பனியின் உண்மைச் சொத்துகளுக்கு மேலாக மதிப்பிட்ட தொகையை "நன்மதிப்பு" என்ற பெயரில் சொத்தாக எழுதி வைத்தார்கள். நன்மதிப்பு என்பது கணக்கியலில் உள்ள நியாயமான சொல்தான். ஒரு நல்ல கடையை வாங்கும்போது அலுமாரிக்கும் சாமானுக்கும் மேலாக, அதன் பெயருக்கும் ஒரு விலை கொடுக்கிறோம் அல்லவா, அதுதான் நன்மதிப்பு. ஆனால் அந்தப் பெயர் உழைக்காமல் போனால் அந்தத் தொகையைக் கணக்கிலிருந்து வெட்டவேண்டும். 2019 மே மாதம் வெளியான ஆறுமாதக் கணக்கில்தான் மைட்ரவல் நன்மதிப்பில் 1.1 பில்லியன் பவுணை வெட்டினார்கள். அந்த ஆறு மாத நட்டம் ஏறத்தாழ 1.5 பில்லியன் பவுண். பன்னிரண்டு வருடமாகச் சொத்து என்று எழுதியிருந்த ஒரு தொகை ஒரே நாளில் காற்றாகியது.

இதைக் கணக்காய்வாளர்கள் பார்க்கவில்லையா என்று கேட்கலாம். 2017, 2018ஆம் ஆண்டுக் கணக்காய்வில் இந்த நன்மதிப்பையும், நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதையும் போதிய அளவு சோதிக்கவில்லை என்று, ஏர்ன்ஸ்ற் அன்ட் யங் நிறுவனத்துக்குப் பிரித்தானிய மேற்பார்வை அமைப்பு 2025இல் ஏறத்தாழ 4.9 மில்லியன் பவுண் அபராதம் விதித்தது. பயணிகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது ஒரு பாடம்.

மே மாதக் கணக்கு வெளியான சில நாட்களில் சிற்றி வங்கியின் ஆய்வாளர்கள் அந்தப் பங்கின் பெறுமதி பூச்சியம் என்று எழுதினார்கள். செய்தி பரவியதும் முன்பதிவு செய்பவர்கள் தயங்கினார்கள். சீட்டில் நாலு பேர் கட்டாமல் விட்ட கதைதான். சீனாவின் ஃபோசுன் நிறுவனத்தின் தலைமையில் 900 மில்லியன் பவுண் கொண்ட மீட்புத் திட்டம் ஒன்று பேசப்பட்டது. கடைசி நேரத்தில் வங்கிகள் குளிர்காலத்தைச் சமாளிக்க மேலும் 200 மில்லியன் பவுண் வேண்டும் என்றன. கோடைக்காசு தீர்ந்து விடுதிப் பாக்கிகள் கழுத்தை நெரிக்கும் காலம் அது. துனீசியாவில் ஒரு விடுதியில், தங்களுக்கு வரவேண்டிய காசு வராது என்ற பயத்தில், பயணிகளை வெளியே விடாமல் வாசலை மறித்த சம்பவமும் அந்த வாரக் கடைசியில்தான் நடந்தது. அந்தப் பயணிகள் தங்கள் பங்கை எப்போதோ முழுமையாகக் கட்டியவர்கள்.

2019 செப்ரெம்பர் 23ஆம் திகதி திங்கட்கிழமை அதிகாலை நிறுவனம் மூடப்பட்டது. அந்த நேரத்தில் அதன் பயணிகள் சுமார் ஆறு இலட்சம் பேர் வெளிநாடுகளில் இருந்தார்கள். அவர்களில் ஒன்றரை இலட்சம் பேரளவில் பிரித்தானியாவிலிருந்து போனவர்கள்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம். சென்னையிலும் கொழும்பிலும் தோமஸ் குக் என்ற பெயர்ப்பலகையைக் கண்டவர்கள் குழம்ப வேண்டாம். இந்தியாவில் அந்தப் பெயரில் இயங்கும் கம்பனியும் அதன் இலங்கைக் கிளையும் 2012 முதல் கனடாவின் ஃபெயர்ஃபாக்ஸ் குழுமத்தின் கைக்குப் போனவை. பிரித்தானியக் கம்பனி முறிந்தபோது அவை முறியவில்லை. பிரித்தானியாவில் இருந்த 555 கடைகளை ஹேய்ஸ் ட்ரவல் என்ற நிறுவனம் வாங்கியது. பெயரை மட்டும் 11 மில்லியன் பவுணுக்கு ஃபோசுன் வாங்கி, 2020இல் இணைய வியாபாரமாகத் தொடங்கியது. 2024இல் அது போலந்தின் ஈஸ்கை குழுமத்திடம் போனது. பெயர் ஒன்றாக இருந்தாலும், பின்னால் இருக்கும் கம்பனி ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

அவர்கள் எப்படி வீடு திரும்பினார்கள்?

வெளிநாட்டில் நின்ற பிரித்தானியப் பயணிகளை அரசாங்கமும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையும் சேர்ந்து இரண்டு வாரங்களில், 700க்கும் மேற்பட்ட விமானப் பயணங்களில், வீட்டுக்குக் கொண்டுவந்தன. ஏறத்தாழ 1,40,000 பேர். இன்னும் புறப்படாமல் முன்பதிவு மட்டும் செய்திருந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கட்டிய காசு திரும்பக் கிடைத்தது. அப்படியான முன்பதிவுகள் மூன்று இலட்சத்துக்கு மேல்.

இது யாருடைய தயவும் அல்ல. பிரித்தானியாவில் அற்றோல் என்ற பாதுகாப்பு முறை 1973 முதல் இருக்கிறது. 1974இல் கோர்ட் லைன் என்ற பெரிய பயண நிறுவனம் முறிந்து ஆயிரக்கணக்கானோர் தவித்த பிறகு, அதற்கென ஒரு நிதியமும் உருவாக்கப்பட்டது. 2009 முதல் ஒவ்வொரு பக்கேஜ் பயணிக்கும் 2.50 பவுண் வீதம் பயண நிறுவனங்கள் இந்த நிதியத்துக்குக் கட்டுகின்றன. ஒரு கோப்பி விலை. அந்தக் காசு பயண நிறுவனத்தின் கையில் இல்லாமல் வேறொரு இடத்தில் இருந்ததால்தான், நிறுவனம் முறிந்தபோது காசும் சேர்ந்து முறியவில்லை.

ஜேர்மனியில் நிலைமை வேறு. அங்கே பயண நிறுவனங்கள் காப்புறுதி எடுக்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆனால் ஒரு காப்புறுதிக் கம்பனி ஒரு வருடத்தில் கொடுக்கவேண்டிய உச்சத்தொகை 110 மில்லியன் யூரோ என்று வரையறுக்கப்பட்டிருந்தது. இவ்வளவு பெரிய கம்பனி முறிந்தபோது அது போதவில்லை. கடைசியில் மிகுதியை ஜேர்மன் அரசே ஏற்றுக்கொண்டது.

அவுஸ்திரேலியாவில் எங்கள் நிலை

இப்போது எங்கள் வீட்டுக்கு வருவோம். நேயர்களில் பலர், "இது பிரித்தானியா மாதிரி ஒழுங்கான நாடு, இங்கேயும் அப்படி ஒன்று இருக்கும்" என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் இருந்தது. 1980களில் தொடங்கப்பட்ட பயண நட்டஈட்டு நிதியத்தில் பயண முகவர்கள் கட்டாயமாகச் சேரவேண்டும். மாநில அரசின் அனுமதிப்பத்திரமும் எடுக்கவேண்டும். முகவர் முறிந்தால் வாடிக்கையாளர் அந்த நிதியத்திடம் நட்டஈடு கேட்கலாம்.

2014 யூலை 1ஆம் திகதி நியூ சவுத் வேல்ஸ், விக்ரோறியா உள்ளிட்ட மாநிலங்களில் அந்த அனுமதிப்பத்திர முறை நீக்கப்பட்டது. நிதியமும் மூடப்பட்டது. சனம் இணையத்தில் நேரடியாக வாங்கத் தொடங்கிவிட்டது, பழைய முறை பெரும்பகுதிப் பணத்தைப் பாதுகாக்கவில்லை, வீண் செலவு என்பதே சொல்லப்பட்ட காரணம். அதன் இடத்தில் அற்றாஸ் என்ற தராதரச் சின்னத்தைப் பயண முகவர்களின் சங்கம் நடத்துகிறது. அதில் சேருவது முகவரின் விருப்பம். சேருபவர்களின் கணக்குகள் பார்க்கப்படுகின்றன, ஆகவே சின்னம் இருப்பது நல்ல அறிகுறிதான். ஆனால் அது நட்டஈட்டு நிதியம் அல்ல. உங்கள் காசைத் தனியான நம்பிக்கைக் கணக்கில் வைக்கவேண்டும் என்று எல்லாப் பயண முகவர்களையும் கட்டாயப்படுத்தும் பொதுச்சட்டமும் இங்கே இல்லை. வீடு வாங்கும்போது சட்டத்தரணியின் நம்பிக்கைக் கணக்கில் முற்பணம் பத்திரமாக இருக்குமே, அந்தப் பாதுகாப்பு உங்கள் பயணக் காசுக்குக் கிடையாது.

நிதியம் போன பிறகும் முறிவுகள் நிற்கவில்லை. பிரிஸ்பேனைச் சேர்ந்த பெஸ்ற்ஜெற் என்ற இணைய முகவர் நிறுவனம் 2018 டிசம்பரில், நத்தாருக்குச் சில நாள் முன்னதாக முறிந்தது. மாணவர்களிடையே பெயர்பெற்ற எஸ்.ரி.ஏ. ட்ரவல் கொரோனா காலத்தில், 2020 ஓகஸ்ற்றில் முறிந்தது. விமான நிறுவனத்திடமே நேராக வாங்கினாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. 1936இல் தொடங்கிய அன்செற் விமான நிறுவனம் 2001 செப்ரெம்பர் 14ஆம் திகதி தரையிறங்கியதை இங்கே அப்போது இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பொன்சா விமான நிறுவனம் 2024 ஏப்ரல் 30இல் நின்றது.

ஒரு கம்பனி முறிந்தால், மிஞ்சிய சொத்தை யாருக்கு முதலில் கொடுப்பது என்று சட்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது. பிணை வைத்துக் கடன் கொடுத்த வங்கிக்கு அந்தப் பிணைச் சொத்து. கணக்கை முடித்துவைக்க நியமிக்கப்படுபவரின் செலவு, பிறகு ஊழியரின் சம்பளம், விடுப்புக் காசு. அதன் பிறகே பிணையில்லாத கடன்கொடுத்தோர். முற்பணம் கட்டிய வாடிக்கையாளர் அந்தக் கடைசிக் கூட்டத்தில் நிற்கிறார். வரிசை தன்னிடம் வந்து சேரும்போது சட்டி பெரும்பாலும் காலி.

தம்பி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அவர் கொடுத்த 9,500 டொலர் ஏப்ரல் மாதமே முகவரின் பழைய கடனுக்குப் போய்விட்டது. நவம்பரில் கதவு பூட்டியபோது அது போகவில்லை.

என்ன செய்யலாம்?

எங்கள் சமூகத்தில் நேர்மையாகத் தொழில் செய்யும் முகவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆங்கிலம் தெரியாத அம்மாவைத் தனியாக விமானத்தில் ஏற்றிவிட, கொழும்பில் சக்கர நாற்காலிக்குச் சொல்லிவைக்க, மரண வீட்டுக்கு ஒரே நாளில் சீட்டு எடுக்க அவர்கள் செய்யும் உதவியை எந்த இணையத்தளமும் செய்யாது. ஆனால் சிறிய முகவர்கள் பெரும்பாலும் விமான நிறுவனத்திடம் நேரே வாங்குவதில்லை, இடையில் ஒரு மொத்த விற்பனையாளர் இருக்கிறார். எங்கள் முகவர் நேர்மையானவர் என்றாலும் இடையில் உள்ளவர் முறிந்தால் காசு சிக்கிவிடும். ஆகவே கீழே சொல்பவை யாரையும் சந்தேகிப்பதற்கு அல்ல.

முதலாவது, சீட்டு இலக்கத்தைக் கேளுங்கள். ஆறு எழுத்துக் குறியீடு இடம் பிடித்ததற்கு மட்டுமே சான்று. பணம் கட்டிச் சீட்டு வழங்கப்பட்டதற்குச் சான்று 13 இலக்கங்கள் கொண்ட மின்சீட்டு எண். அதன் முதல் மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும். ஸ்ரீலங்கன் என்றால் 603, சிங்கப்பூர் எயர்லைன்ஸ் என்றால் 618, எயர் இந்தியா என்றால் 098. முழுக்காசையும் கட்டினால் அன்றோ அடுத்த நாளோ அந்த எண்ணை வாங்கி, விமான நிறுவனத்தின் இணையத்தளத்திலோ தொலைபேசியிலோ நீங்களே சரிபாருங்கள். பிள்ளைகளைக் கொண்டு பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது, காசாகக் கொடுக்காதீர்கள். விசா அல்லது மாஸ்ரர்காட் மூலம் கட்டினால், சேவை கிடைக்காதபோது உங்கள் வங்கியிடம் அந்தப் பணத்தைத் திருப்பி எடுத்துத் தரும்படி கேட்கலாம். கிரெடிட் காட்டுக்கு மட்டுமல்ல, விசா, மாஸ்ரர்காட் டெபிட் காட்டுக்கும் இந்த வழி உண்டு. இதற்குக் காலவரையறை இருப்பதால், செய்தி தெரிந்தவுடனேயே வங்கியிடம் போங்கள். காசுக்கும் வங்கிக் கணக்கு மாற்றத்துக்கும் இந்த வழி இல்லை. காட்டில் கட்ட ஒரு சிறு மேலதிகக் கட்டணம் கேட்டாலும் கொடுங்கள். அதுதான் உங்கள் 2.50 பவுண்.

மூன்றாவது, முற்பணம் கட்டினால் ஐந்து டொலரானாலும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அதில் கம்பனியின் பதிவுப் பெயரும் 11 இலக்க ஏ.பி.என். எண்ணும் இருக்கவேண்டும். அந்த எண்ணை அரசின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். கடைப் பெயரும் கம்பனிப் பெயரும் வேறாக இருப்பது குற்றமல்ல. ஆனால் நீங்கள் யாருக்குக் கடன் கொடுத்தீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாலாவது, பயணக் காப்புறுதியைப் புறப்படும் வாரம் எடுக்காமல், காசு கட்டும் நாளிலேயே எடுங்கள். எடுக்குமுன், பயண நிறுவனம் நிதிமுறிவு அடைந்தால் காப்பு உண்டா என்று பத்திரத்தில் பாருங்கள். பல காப்புறுதிகளில் அது இல்லை. முகவரின் முறிவை விலக்கி, விமான நிறுவனத்தின் முறிவை மட்டும் சேர்ப்பவையும் உண்டு.

ஐந்தாவது, தேவைக்கு மேல் முந்திக் கட்டாதீர்கள். விலை குறைகிறது என்று பத்து மாதம் முன்னே முழுக்காசையும் கட்டினால், சீட்டு உடனே வழங்கப்படுகிறதா என்று கேளுங்கள். "பிறகுதான் போடுவம்" என்றால் மிகுதிக் காசையும் பிறகே கொடுங்கள். இது ஆன்மீகச் சுற்றுலாவுக்கும் பொருந்தும். அறுபடை வீடோ, காசியோ, கைலாயமோ, ஒழுங்கு செய்பவர் கோயிலில் தினம் காணும் மனிதராக இருந்தாலும், "எங்கள் காசு எந்தக் கணக்கில் இருக்கும்? பயணம் நின்றால் யார் திருப்பித் தருவார்?" என்ற இரண்டு கேள்வியைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று எங்கள் பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் நம்பிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை, அளவு தெரிந்து நம்பச் சொன்னார்கள். வெறுங்கையோடு இந்த நாட்டுக்கு வந்து, இரவு வேலையும் பகல் வேலையும் பார்த்து, வருடக்கணக்கில் சேர்த்த காசுதான் ஊருக்குப் போகும் காசு. அதைத் தெரியாத ஒருவருக்குப் பிணையில்லாத கடனாகக் கொடுக்க எங்களுக்கு வசதி இல்லை.

அந்தச் சகோதரருக்கு ஒரு வருடம் கழித்துக் கடிதம் வந்தது, பிணையில்லாத கடன்கொடுத்தோருக்குக் கொடுக்க எதுவும் இல்லை என்று. மீண்டும் சேர்க்க அவருக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது. போன தடவை டெபிட் காட்டில் கட்டி, ஐந்து பேரின் 13 இலக்கங்களையும் எழுதி எடுத்த பிறகுதான் ஊருக்குத் தொலைபேசியில் "வாறம்" என்று சொன்னாராம். தாயார் இருந்தார். பேரப்பிள்ளைகளைக் கண்டார். திரும்பி வந்ததும் அவரே கலையகத்துக்கு அழைத்து, "அண்ணை, இதை ஒருக்கா றேடியோவிலை சொல்லுங்கோ" என்று கேட்டுக்கொண்டார். அவருக்காக வானொலியில் சொன்னேன். கேட்கத் தவறியவர்களுக்காக இங்கே எழுதியிருக்கிறேன்.